கேள்வி வரவில்லை

போன மாதம் டெக்சாஸிலிருந்து ஒரு தபால் வந்தது. மடங்கிவிடக் கூடாதென்று இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து ஒட்டிய ஒரே ஒரு தாள். பழைய பிரிண்டரில் எடுத்தது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று நிற்கிற அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு. வலது மேல் மூலையில் 14 என்று அச்சாகியிருக்கிறது. அதன் மீது பேனாவால் ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் 14 தெளிவாகவே தெரிகிறது. பக்கத்தில் கையால் எழுதிய 11. அதை ஒட்டி இரண்டு சுருக்கொப்பங்கள். முதலாவது நியூ ஜெர்சி டாக்டருடையது, இரண்டாவது என்னுடையது. தாளின் அடியில் மூன்றாவதாக ஒரு கையெழுத்து இருக்கிறது. இருபத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன் நான் இதைத் தபாலில் சேர்த்தபோது அது இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் கல்யாணமாகி கலிஃபோர்னியாவில் மில்பிடாஸுக்கு வந்தேன். கணவருக்கு வேலை விசா, எனக்கு டிபென்டென்ட் விசா. கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரியை வைத்துக்கொண்டு ஒரு கடையில் பில் போடக்கூட எனக்கு அனுமதி கிடையாது. வார இறுதி விருந்துகளில் யாராவது ஒரு ஆன்ட்டி, "நீங்க என்ன பண்றீங்க, சும்மாதான் இருக்கீங்களா?" என்று பிரியமாகத்தான் கேட்பார்கள். அந்தச் 'சும்மா' வீட்டுக்கு வந்த பிறகும் என் கூடவே இருக்கும். அப்படி ஒரு பகலில், மோடம் கத்திக்கொண்டிருக்க, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம், பகிரலாம் என்று மூலநிரலைத் திறந்து வைத்திருந்த ஒரு இலவச இயங்குதளத்தின் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அதன் பயனர் கையேட்டைத் தமிழில் கொண்டுவர ஆள் தேவை என்று ஒரு வரி இருந்தது. சம்பளம் இல்லை, ஆகவே விசா கேட்க யாரும் இல்லை. அன்றே எழுதிப் போட்டேன்.

பதில் போட்டவர்தான் டாக்டர். யாழ்ப்பாணத்துக்காரர், நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் திசுக்களைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்நோக்கியில் பார்ப்பது வேலை. கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. தமிழ்க் கையேட்டுக்கு அவர்தான் பொறுப்பாளர். அவர் ஒப்பினால்தான் பக்கம் வெளியே போகும். ஒரு டாக்டருக்கு இதில் என்ன ஆர்வம் என்று எனக்கு மண்டை குடைந்தது. கொஞ்சம் பழகியதும் போனில் கேட்டேவிட்டேன். "பகல் முழுக்க ஒரு கண்ணாடிக்குள்ளை பாக்கிறன். இதுக்குள்ளையும் என்ன கிடக்குது எண்டு பாப்பம் எண்டுதான்," என்றார். அவ்வளவுதான் காரணம். அவருக்கு எதைக் கண்டாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

என் முதல் பக்கத்தை அச்செடுத்து, திருத்தி, தபாலில் திருப்பி அனுப்பினார். மின்னஞ்சல் இருக்கும்போது தபால் எதற்கு என்று சிரித்துக்கொண்டே பிரித்தேன். ஒவ்வொரு பிழையின் மேலும் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான சொல், அதன் பக்கத்தில் அவருடைய சுருக்கொப்பம், தேதி. நாமெல்லாம் பிழையைக் கண்டால் கருப்பாகக் கிறுக்கி மூடிவிடுகிற ஜாதி. ஏன் இப்படி என்று கேட்டேன். "எங்கடை லாப்பிலை அப்பிடித்தான். பிழையை மறைக்கக் கூடாது. முந்தி என்ன எழுதினது, ஆர் மாத்தினது, ரெண்டும் தெரிய வேணும்," என்றார். நானும் ஒரு கோட்டுக்குப் பழகிக்கொண்டேன். மளிகைப் பட்டியலில்கூட அப்படி அடித்து ஒப்பமிட்டு வைத்து, கணவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மொழிபெயர்த்து முடிப்பதோடு இந்த வேலை முடியாது என்பது உள்ளே வந்த பிறகுதான் தெரிந்தது. ஆங்கிலக் கையேட்டை உலகமெங்கும் யாராவது திருத்திக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதன் பதிப்பெண் ஒன்று கூடும். தமிழ்ப் பக்கத்தின் மூலையில், ஆங்கிலத்தின் எத்தனையாம் பதிப்பைப் பார்த்து எழுதினோம் என்று நாங்கள் போட வேண்டும். தினமும் ஒரு நிரல் இரண்டு எண்களையும் ஒப்பிடும். சமமாக இருந்தால் இணையதள அட்டவணையில் அந்தப் பக்கம் பச்சை, பின்தங்கியிருந்தால் சிவப்பு. அந்த நிரல் எண்ணை மட்டும்தான் பார்க்கும், உள்ளே இருக்கும் எழுத்தைப் பார்க்காது. காலையில் கணவர் ஆபீஸ் கிளம்பியதும் காபியோடு அட்டவணையைத் திறப்பேன். எங்கெங்கோ இருக்கிற மொழிகளுக்கு நடுவே தமிழ் வரிசை பச்சையாக நின்றால் அன்றைக்கு நான் சும்மா இல்லை.

புது வெளியீடு நெருங்கியது. எல்லாப் பக்கமும் பச்சையாக இருக்கிற மொழிகள் மட்டுமே குறுந்தட்டில் இடம்பெறும் என்று அறிவித்தார்கள். தமிழில் ஒரே ஒரு பக்கம் சிவப்பு. நிறுவும் முறையைச் சொல்லும் பக்கம். எங்களுடையது 11, ஆங்கிலம் 14. பன்னிரண்டில் என்ன மாறியிருக்கிறது என்று திறந்து பார்த்தேன். ஒரு காற்புள்ளி. பதிமூன்றில் ஏதோ ஒரு முகவரி. பதினான்கும் இதே லட்சணமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். திறக்கவில்லை. மூலையில் 11ஐ அழித்து 14 போட்டு அனுப்பினேன். மறுநாள் பச்சை. டாக்டர் "நல்லது" என்று ஒரு வரி எழுதியிருந்தார். சந்தோஷத்தில் அன்றைக்குக் கேசரி கிளறினேன், வெட்கமில்லாமல்.

சில வாரங்களில், குறுந்தட்டு இன்னும் அச்சுக்குப் போகாத நிலையில், பக்கத்தின் அடியிலிருந்த முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. டெக்சாஸில் காப்பெல் என்ற ஊரில் மகன் வீட்டோடு இருக்கிற, ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு திருநெல்வேலிக்காரர். தமிழ் சர்ச்சின் பாடகர் குழுவுக்காக இரண்டு வருஷமாகக் கீர்த்தனைகளைத் தட்டச்சு செய்து தொகுத்து வந்தவர். தமிழிலேயே கையேடு இருக்கிறதே என்று எங்கள் பக்கத்தை வரிவரியாக வாசித்து, இணையத்திலிருந்து இறக்கி நிறுவியிருக்கிறார். 'இதன் பிறகு என்டர் பொத்தானை அழுத்துங்கள். வட்டை அழிக்கலாமா என்று கணினி கேட்கும். வேண்டாம் என்றும் சொல்லலாம்' என்பது எங்கள் வாசகம். வட்டு என்றால் ஹார்ட் டிஸ்க். அவர் வேண்டாம் என்று சொல்வதற்காகவே அழுத்தியிருக்கிறார். கணினி கேட்கவில்லை. கேட்காமலே எல்லாவற்றையும் அழித்துவிட்டது. கடிதத்தில் குற்றச்சாட்டே இல்லை. 'கேள்வி வரவில்லை. நான் எந்த இடத்தில் தவறாக வாசித்தேன் என்று தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்' என்று முடித்திருந்தார்.

டாக்டர் அதைப் படித்துவிட்டுக் கைகட்டி உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தன் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்து, தமிழ்ப் பக்கத்தை ஒரு பக்கமும் ஆங்கிலத்தை மறு பக்கமும் வைத்து, ஒவ்வொரு வரியாகச் செய்து பார்த்து, தன் வட்டையும் வேண்டுமென்றே அழியவிட்டிருக்கிறார். மதியம் எனக்குப் போன் வந்தது. குரலில் கோபம் இல்லை, புதிர் விடுபடப் போகிற உற்சாகம்தான் இருந்தது.

"பிள்ளை, பதினாலாம் பதிப்பிலை அந்தக் கேள்வியை எடுத்துப்போட்டினம். என்டர் அடிச்ச உடனை அழிக்கும், முதல்லையே பிரதி எடுத்து வையுங்கோ எண்டு இங்கிலீசிலை பெரிசாக் கிடக்கு. உம்மடை பக்கத்திலை பதினாலு எண்டு போட்டிருக்கு. ஆனா உள்ளுக்குக் கிடக்கிறது பதினொண்டு. இது எப்பிடி வந்தது?"

நிரலில் ஏதோ கோளாறு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அதையும் அவர் திறந்து பார்ப்பார் என்பது எனக்குத் தெரியும். "டாக்டர், நான்தான் பண்ணேன். நம்பரை மட்டும் மாத்திட்டேன். படிக்கல," என்றேன்.

"நானும்தான் பாக்கேல்லை," என்றார். "பச்சை எண்டவுடனை விட்டிட்டன். லேபிள் இல்லாத சாம்பிள் வந்தா நான் திருப்பி அனுப்புறனான். லேபிள் இருந்தா நம்புவன். உம்மடை லேபிளை நம்பினன், பிள்ளை." திட்டியிருந்தால் தேவலை. மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். அது அடங்கும்வரை அவர் போனை வைக்கவில்லை. கடைசியில் இரண்டு காரியம் சொன்னார். எண்ணைப் பழையபடி 11 ஆக்க வேண்டும். "அந்த ஐயாவுக்கு நீர்தான் சொல்ல வேணும். நான் சொன்னா அது உம்மடை சொல்லா இருக்காது."

எண்ணைக் குறைத்த மறுநாள் தமிழ் சிவந்தது. பதினான்கை ஒழுங்காக மொழிபெயர்த்து முடிப்பதற்குள் கெடு தாண்டிவிட்டது. அந்தக் குறுந்தட்டில் தமிழ் இல்லை. நான் அவ்வளவு ஆசைப்பட்ட ஒன்று அப்படிப் போயிற்று. எனக்கு அதைவிடப் பெரிய பயம் காப்பெலுக்குப் போட வேண்டிய போன். இரண்டு தடவை எண்ணைச் சுழற்றிவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாம் தடவை அவரே எடுத்துவிட்டார்.

"அங்கிள், தப்பு உங்க மேல இல்ல. அந்தப் பக்கம் பழசு. புதுசுன்னு நம்பர் போட்டது நான்," என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"அப்ப நான் படிச்சது சரிதானாம்மா?"

"சரிதான் அங்கிள்."

"கேள்வி வரும்னு போட்டிருக்குலா, வரட்டும், பாத்துக்கிடுவோம்னுதான் தட்டினேன். முப்பது வருஷம் ரூல் புக்க வச்சு ரயில் விட்டவன்மா நான். தமிழே நமக்குப் படிக்கத் தெரியலயான்னு ஆயிட்டு. சர்ச்சுல எல்லார்கிட்டயும் என் கவனக்குறைவுன்னு சொல்லிட்டேன். மகன் வேற, இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா கம்ப்யூட்டர்ங்கான்." தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்தப் பக்கத்த ஒரு காப்பி அனுப்ப முடியுமா? காட்டணும்."

பாட்டுகள் போனதைத்தான் பெரிய சேதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனுஷர் தன் கண்ணையும் மொழியையும் சந்தேகித்துக்கொண்டு வாரக் கணக்கில் இருந்திருக்கிறார். டாக்டரிடம் சொன்னேன். 14 என்று இருந்த பழைய பக்கத்தையே அவர் அச்செடுத்தார். 14 மேல் ஒரு கோடு, பக்கத்தில் 11, தன் சுருக்கொப்பம். எனக்கு அனுப்பினார். அதன் கீழே நான் போட்டு, காப்பெலுக்கு அனுப்பினேன். மாற்றியவள் நான், அவர் ஏன் முதலில் போட்டார் என்று அப்போது விளங்கவில்லை. அந்தப் பக்கத்தை வெளியே விட்டவர் அவர் என்பது பிறகுதான் உறைத்தது.

அழிந்ததை மீட்க முடியவில்லை. அதற்குள் மகன் அதே வட்டில் வேறு எல்லாம் ஏற்றிவிட்டார். பாடகர் குழுவினரின் நோட்டுப் புத்தகங்களை நகலெடுத்து அனுப்பினார்கள். நானும் சைவரான டாக்டரும் பங்கு போட்டுத் தட்டச்சு செய்தோம். அங்கிள் தானே கட்டிய பாட்டுகள் எந்த நோட்டிலும் இல்லை. நேராகக் கம்ப்யூட்டரில் எழுதியவை. சனிக்கிழமை காலைகளில் போனில் பாடுவார், நான் ஸ்பீக்கரில் போட்டுத் தட்டுவேன். தோசை வார்த்துக்கொண்டே என் கணவரும் கூடச் சேர்ந்து முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு மட்டும் அவருக்குத் திரும்ப வரவேயில்லை. மெட்டு வந்தது, சொல் வரவில்லை. "போகட்டும்மா," என்றார். எனக்கு இன்றைக்கும் அது போகவில்லை.

பிறகு எனக்கு வேலை அனுமதி வந்தது, வேலையும் வந்தது. அந்த இயங்குதளத்தை இப்போது பயன்படுத்துவார் இல்லை. அட்டவணையும் இணையத்திலிருந்து மறைந்துவிட்டது. அங்கிள் போன வருஷம் காலமானார் என்றும், அவருடைய பைபிளுக்குள் இந்தத் தாள் இருந்தது என்றும் மகன் அட்டையின் மேல் எழுதியிருந்தார். டாக்டர் ஓய்வு பெற்றும் அதே நியூ ஜெர்சியில்தான் இருக்கிறார். உடனே போன் பண்ணினேன். அங்கிள் இல்லை என்பதையும், தாளின் அடியில் அவர் எழுதியிருப்பதையும் சொன்னேன். "அடியிலை எழுதியிருக்கு எண்டீர். என்ன பேனை? கை நடுங்கியிருக்கோ?" என்று கேட்டார்.

நடுங்கவில்லை. நீல மை. ஸ்டேஷன் புத்தகத்தில் எழுதுகிற மாதிரி நிமிர்ந்த எழுத்து. எங்கள் இரண்டு பேருடைய வழக்கத்தையும் பார்த்துக் கற்றுக்கொண்டவராகப் பக்கத்திலேயே சுருக்கொப்பமும் தேதியும் போட்டிருக்கிறார். அதை டாக்டருக்கு வாசித்துக் காட்டினேன்: 'நான் சரியாகத்தான் வாசித்தேன்.'