நிற்பதற்குப் பட்டன் இல்லை

என் அக்கா வீட்டுக்காரரை அலுவலகத்தில் 'சதவீதம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அது கிண்டல் என்று ஊருக்கே தெரியும். அவர் மட்டும் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் கணக்கைச் சரிபார்க்கிற வேலை. எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் ஓடியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தெருவிலும் கால் வைத்ததில்லை. கால்பந்தும் அதே லட்சணம்தான். ஐரோப்பிய அணிகளில் இருபத்தொரு வயதுக்குட்பட்ட சென்டர் பேக்குகள், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று எதிராளியை மறிக்கிறவர்கள், அத்தனை பேரையும் ஒப்பிட்டு அட்டவணை போடுவார். எதிராளி காலிலிருந்து பந்தைப் பிடுங்குகிற டேக்கிள் யாருக்கு எத்தனை, தலையால் முட்டுகிற ஹெடர் எத்தனை, பாஸ் எத்தனை, தொண்ணூறு நிமிடத்துக்கு எவ்வளவு என்று. சாப்பாட்டு மேஜையை அவருடைய இரண்டு கம்ப்யூட்டர் திரைகள் பிடித்துக்கொண்டதால் அக்காவும் மகளும் சோபாவில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். இவ்வளவுக்கும் மனுஷன் ஒரு மேட்சைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை.

"பார்த்தா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும். நம்பர் சாயாது" என்பார். முந்நூறு பேர் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் இவர் மேதை. எனக்கு இவர் அத்தான் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கூத்து என்னவென்றால், அவர் பெற்ற மகளே சென்டர் பேக். காலையில் மைதானத்துக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறவள் நான்தான். அவள் அதிகம் ஓடமாட்டாள். பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே இரண்டு அடி முன்னதாகவே போய் நிற்பாள். எதிராளி நிமிர்ந்து பார்ப்பாள், வழி இல்லை, திரும்பிப் போய்விடுவாள். "இவ ஆடினா நான் நிம்மதியா டீ குடிக்கப் போலாம்" என்று அவளுடைய கோச் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

இந்த வருடம் ஒரு விளையாட்டுப் பள்ளி, கிளப்புக்கு ஒரு சென்டர் பேக் வீதம் எடுப்பதாகச் சொன்னது. இரண்டு வருடம் அங்கேயே தங்கி ஆடலாம், படிக்கலாம். பதினேழு முடிந்தவர்களுக்கு இடமில்லை. இவளுக்கு அடுத்த மாதம் பதினேழு முடிகிறது. இந்தத் தடவை விட்டால் விட்டதுதான். கடிதத்தோடு புள்ளிவிவரமும் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கோச்சுக்குக் கம்ப்யூட்டரைத் தொடவே தெரியாது. நேராக அத்தானிடம் வந்தார்.

அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. "என் பொண்ணுங்கறதுக்காக ஒரு புள்ளி சேர்த்துப் போடமாட்டேன்" என்றார். சேர்த்துப் போடுங்கள் என்று அங்கே யாரும் கெஞ்சவில்லை.

ஞாயிறு காலை கிளப்பை இரண்டு அணியாகப் பிரித்து மூன்று சின்ன மேட்ச் வைத்தார்கள். அத்தான் கொண்டுவந்திருந்த லேப்டாப் திரையில் வெயில் அடித்தது. அத்தான் நாற்காலியைத் திருப்பி, மைதானத்துக்கு முதுகைக் காட்டிச் சுவர் ஓரம் உட்கார்ந்துவிட்டார்.

"நீ பார்த்துச் சொல்லு. நான் அமுக்கறேன்."

கத்துகிற வேலை எனக்கு. இவளுக்குப் போட்டி, எதிர் அணியில் ஐந்தாம் நம்பர் சட்டை போட்ட பெண். புல்டோசர் என்று பெயர். நல்ல பிள்ளைதான், அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு நொடி தாமதமாகப் போவாள், பிறகு விழுந்து புரண்டு பிடுங்குவாள். "அஞ்சு, டேக்கிள்! அஞ்சு, டேக்கிள்!" என்று கத்தியே என் தொண்டை கட்டிவிட்டது. நம்முடையவள் நான்காம் நம்பர்.

"அத்தான், நாலு ரொம்ப நல்லா நிக்கறா. அவ பக்கம் ஒருத்தியும் வரமாட்டேங்கறா."

"நிக்கறதுக்குப் பட்டன் இல்ல. என்ன பண்றான்னு மட்டும் சொல்லு."

"ஒண்ணும் பண்ணல."

"அப்ப சும்மா இரு."

நான் சும்மா இருந்தேன். பத்துத் தடவை "நாலு, டேக்கிள்" என்று பொய்யாகக் கத்தியிருந்தால் அந்த ஆள் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார். எனக்கும் அன்றைக்கென்று பார்த்து யோக்கியம் வந்து தொலைத்தது. இன்றுவரை என்மேல் எனக்கே வெறுப்பு.

ஐந்துக்கு இருபத்தொன்று, நான்குக்கு இரண்டு. கோச் தாளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "சார், நான் ரெண்டு பேரையும் நாலு வருஷமா பார்க்கறேன்..."

"பார்த்ததெல்லாம் அபிப்பிராயம், கோச். இதுதான் ஆதாரம்."

இருபது வருடம் விசில் ஊதிய மனுஷன் மண்டையை ஆட்டிவிட்டு, ஐந்தாம் நம்பர் பெயர் போட்ட கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். முதுகெலும்பு என்ற ஒன்று அவருக்கும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "போன மாசம் வாட்ஸ்அப்புல எவனோ ஒரு பத்தொன்பது வயசு ஐரோப்பாக்காரப் பையனுக்கு, டேக்கிள் கம்மியா இருந்தா என்ன, இடம் தெரிஞ்சு நிக்கறான்னு ரெண்டு பக்கம் எழுதினீங்களே?"

"அங்க எதிரணி எந்தப் பக்கம் வராம ஒதுங்குதுன்னுகூட டேட்டா இருக்கு. இங்க இல்லையே."

"டேட்டா இல்லன்னா கண்ணுமா இல்ல?"

அவர் சிரித்தார். சின்னப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதுபோல. அக்கா சமையலறையில் பாத்திரத்தை உருட்டினாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

மகள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள்.

"அப்பா, மூணு மேட்ச்லயும் எங்க டீமுக்கு எத்தனை கோல் விழுந்துச்சு?"

"ஒண்ணும் விழல."

"அதை எங்க போட்டிருக்கீங்க?"

"அது கோல்கீப்பர் கணக்குல ஏறும்மா. முழு மார்க் குடுத்திருக்கேன்."

"அவ பந்தையே தொடலையேப்பா."

"தொடலைன்னா என்ன? கோல் விழலல்ல?"

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். அவருக்கு உறைக்கும் என்று நானும் காத்திருந்தேன். அவர் மவுஸைப் பிடித்து அட்டவணையைக் கீழே நகர்த்தினார்.

"சரிப்பா" என்று உள்ளே போனாள்.

அத்தான் என் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. "எவ்வளவு பக்குவமா எடுத்துக்கிட்டா பாத்தியா?"

நான் எட்டிப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்க்காமல், கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தாள்.