எழுப்பாமல் விட்ட பிணம்

கோதண்டராமன் முகத்தை வைத்தே ஆளை முடிவு செய்கிறவர். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் நின்றபடி, இறங்கி வருகிறவர்களில் யார் திருடன், யார் வக்கீல் குமாஸ்தா, யார் பெண்ணைப் பறிகொடுத்த தகப்பன் என்று சொல்லிவிடுவார். அவர்கள் உண்மையில் யார் என்பது அவருக்கு வேண்டாத விஷயம். ஒரகடம் பக்கத்து ஏரிகளிலும் கல்குவாரிகளிலும் படம் எடுக்க வரும் கம்பெனிகளுக்குச் சின்ன வேஷங்களுக்கு ஆள் தேர்ந்து கொடுப்பது அவர் தொழில். ஏஜெண்ட் என்று கூப்பிடுவார்கள். இந்த முகத்துக்கு இந்த வேஷம் என்று தீர்மானித்துவிட்டால், பிறகு அந்த முகத்தில் வேறு எதுவும் அவர் கண்ணில் படாது. அதைத் திறமை என்றே நினைத்திருந்தார்.

1991 மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் பெயரைச் சொன்னாலே கம்பெனிக்காரர்கள் வேறு ஊர் தேடினார்கள். லாட்ஜுகளில் போலீஸ் விசாரணை. புது முகம் என்றால் கேள்வி. ஆகஸ்டில்தான் ஒரு யூனிட் துணிந்து வந்தது. வற்றிய ஏரிக்குள் ஒரு பிணம் கிடக்க வேண்டும் என்றார்கள். கோதண்டராமன் யோசிக்கவே இல்லை. குவாரியில் லாரிக்கு ஜல்லி ஏற்றும் கன்னியப்பனைக் கூட்டி வந்தார்.

பிணமாக நடித்தவனைச் சும்மா எழுந்து போக விடமாட்டார்கள். ஷாட் முடிந்ததும் அதே கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி, அதையும் கொஞ்சம் பிடிப்பார்கள். படத்தில் அது வராது. ஆனால் சிரித்தால்தான் எழுந்ததாக அர்த்தம். அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு வந்ததால் கேமராவை அவசரமாக மூடி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வேறு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கோதண்டராமனுக்கு வந்தது. இதற்குப் போய் டைரக்டரை நிறுத்துவானேன் என்று பேசாமல் இருந்துவிட்டார்.

மறுநாள் காலையில் கன்னியப்பனின் மனைவி சரோஜா அவர் வாசலில் நின்றாள். பின்னால், தெருவில், கன்னியப்பன்.

“இன்னா ஏஜெண்டே, ஆள இட்டுக்கினு போயி பொணத்த அனுப்பிக்கிற?”

“அதெல்லாம் சும்மா ஒரு வழக்கம்மா.”

“சும்மான்னா நீ போயி படுத்துப் பாரேன். சிரிக்க வெச்சு இட்டாராம இந்த ஆளு என் வூட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது.”

அவள் போன பிறகு கன்னியப்பன் கிட்டே வந்தான். “யூனிட்டு திரும்பி வந்தா ஒரு தபா எடுத்துரச் சொல்லுண்ணா. நான் எங்கியும் போவ மாட்டேன்.”

யூனிட் திரும்பவில்லை. பணம் போட்டவர் விலகி, படம் பாதியில் நின்றுபோனது. கன்னியப்பன் பஸ் ஸ்டாப்பிலேயே படுத்தான். குவாரியில் அவனோடு லாரியில் ஏற மற்றவர்கள் தயங்கினார்கள். அவனும் போவதை நிறுத்தினான். “பொணத்துக்கு டீ ஸ்ட்ராங்கா, லைட்டா ஏஜெண்டே?” என்று டீக்கடை நடேசன் கேட்க, கடையே சிரித்தது. கன்னியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு வருகிறதா என்று அவன் வாயைக் கோணிப் பார்ப்பதைக் கோதண்டராமன் கவனித்தார். வரவில்லை.

ஷூட்டிங் இல்லாத அந்த மாதங்களில்தான் காஞ்சிபுரத்தில் மாத நாவல் அச்சடிக்கும் பாண்டுரங்கன் அவரைத் திகில் கதை எழுதச் சொன்னார். கோதண்டராமனுக்கு ஆளைக் கற்பனை செய்ய வராது, முகம் வேண்டும். பேனாவை எடுத்ததும் ஏரிக்குள் கிடந்த முகம் வந்தது. அந்த மூடிய இமைகளுக்குள் என்ன ஓடியிருக்கும் என்று முதல் தடவையாக யோசித்தார். யோசித்ததை எழுதினார். நன்றாகவே வந்தது. நன்றாக வந்ததுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

விஷயம் கன்னியப்பன் காதுக்கும் போயிற்று. “கதையில நான் வரேனாமே?”

“பேரை மாத்திருக்கேம்பா.”

“மாத்தாதண்ணா. என் பேரே போடு. போட்டு, கடைசில எழுப்பி சிரிக்க வெச்சிரு. கேமராவுல புடிச்சாலும் பதிவுதான், அச்சுல போட்டாலும் பதிவுதானே? சரோஜா எட்டாவது வரிக்கும் படிச்சவ. அவ கண்ணால படிச்சிட்டா வூட்டுக்குள்ள வுட்டுருவா.”

அதில் கோதண்டராமனுக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. அவன் பெயரையே போட்டார். கடைசி அத்தியாயத்தில் எழுப்பினார், சிரிக்க வைத்தார். பாண்டுரங்கன் படித்துவிட்டு அந்த அத்தியாயத்தை மட்டும் தனியாக உருவி எடுத்தார்.

“செத்தவன் எழுந்து பல்லக் காட்டறதுக்காய்யா ஜனம் காசு குடுத்து வாங்குது? பொணம் பொணமாவே கெடக்கட்டும். மத்தபடி நீ பெரிய ஆளுய்யா. அடுத்த மாசமும் நீயே எழுது.”

அப்படியானால் கதையைக் கொடுங்கள் என்று எழுந்து வந்திருக்கலாம். “உங்க இஷ்டம்” என்றார் கோதண்டராமன். ஏரிக்கரையில் எப்படி நின்றாரோ அப்படியே அங்கேயும் உட்கார்ந்திருந்தார்.

புத்தகம் வந்த அன்று பஸ் ஸ்டாப்பில் கன்னியப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “எழுப்பிட்டியாண்ணா?”

“எழுப்பிட்டேன்.”

“படியேன். எனக்குத்தான் எழுத்து தெரியாதே.”

கோதண்டராமன் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். அதில் ஏரித் தண்ணீர் ஏறி அவன் முகத்தை மூடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே, இல்லாத வரிகளைச் சொல்லிக்கொண்டு போனார். கன்னியப்பன் கண்ணைத் திறந்தான். கையை ஊன்றி எழுந்தான். சட்டையில் ஒட்டிய சேற்றைத் தட்டினான். யாரோ பேர் சொல்லிக் கூப்பிட, திரும்பிச் சிரித்தான்.

எதிரே உட்கார்ந்திருந்த கன்னியப்பனும் சிரித்தான். முழுசாக, கன்னம் குழிய. இந்த முகத்தையா பிணத்துக்கு எடுத்தோம் என்று கோதண்டராமனுக்குத் திக்கென்றது. மாப்பிள்ளை வேஷத்துக்கே கூப்பிட்டிருக்கலாம்.

“குடுண்ணா, சரோஜாகிட்ட காட்டிட்டு வந்துர்றேன்.”

“இது ஒண்ணுதான்பா எங்கிட்ட இருக்கு. அப்புறம் தரேன்.”

“ஐய, அதுக்கு இன்னா? அங்க கயித்துல தொங்குதே, நான் வாங்கிக்கிறேன்.”

பெட்டிக்கடையில் வாங்கி, சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஒரகடம் பஸ்ஸில் ஓடி ஏறினான். ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினான். இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். பஸ் முனை திரும்பும்வரை நேரம் இருந்தது. ஆனால் கோதண்டராமன் மனதுக்குள், தன் வீட்டு வாசலில் நிற்கும் சரோஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை வாங்குகிறாள். நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறாள். வாய்விட்டுப் படிக்க ஆரம்பிக்கிறாள். எந்த வரியில் நிறுத்துவாள், நிமிர்ந்து புருஷனை எப்படிப் பார்ப்பாள், அவன் வாயிலிருந்த சிரிப்பு என்ன ஆகும் என்பதெல்லாம் வரிசையாக, சொல் சொல்லாக வந்துகொண்டிருந்தது. அவர் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.