கற்பூர வக்கீல்

என் அத்தான் ஆவுடைநாயகம் பிள்ளை என்றால் திருநெல்வேலியில் பாதிப் பேருக்குத் தெரியாது. கற்பூர வக்கீல் என்றால் உடனே வழிகாட்டுவார்கள். அந்தப் பெயர்தான் அவருக்குக் கட்சிக்காரர்களைக் கொண்டுவந்து குவித்தது; சென்னைச் சட்டசபை வரைக்கும் கொண்டுபோய் விட்டது. அவர் நிம்மதியைத் தின்றதும் அதேதான். நான் அக்காள் வீட்டு மாடியில் தங்கிப் படித்தவன், எல்லாவற்றையும் கூட இருந்து பார்த்தவன்.

1904-ல் சீவலப்பேரி வழக்கு வந்தது. பேராச்சி என்ற விதவையின் ஆற்றங்கரை வயலை, பக்கத்து மிராசுதார் தன்னுடையது என்று வழக்குப் போட்டிருந்தார். அத்தான் மிராசுதார் பக்கம். வயல் அவளுடையது என்று ஊருக்கே தெரியும், அத்தானுக்கும் தெரியும். ஆனாலும் கோர்ட்டில் எழுந்து ஒரு யோசனை சொன்னார். சுடலைமாடன் கோயிலில் அவள் தன் மகன் தலையைத் தொட்டுக்கொண்டு, வயல் என்னுடையது என்று எரியும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணட்டும். அணைத்துவிட்டால் வழக்கை விட்டுவிடுகிறோம் என்றார். சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. முன்சீப்பு கொஞ்சம் தயங்கினார். "நாங்கள் யாரையும் வற்புறுத்தவில்லையே" என்றார் அத்தான்.

எங்கள் பக்கத்தில் நிஜமே ஆனாலும் பெற்ற பிள்ளையை வைத்துச் சத்தியம் பண்ணமாட்டார்கள். பேராச்சி ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளை வாந்திபேதிக்குக் கொடுத்தவள், மிஞ்சியது ஒன்றுதான். அத்தான் இதையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் எழுந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

"வயலு எங்களுதுதான் சாமி. பிள்ள தலையத் தொட்டு அணைக்கமாட்டேன்" என்றாள் அவள். முன்சீப்பு அவள் மறுத்ததை எழுதிக்கொண்டார். மிராசுதாரை எதிர்த்துச் சாட்சி சொல்லவும் ஊரில் ஆள் கிடைக்கவில்லை. வயல் போய்விட்டது.

கோர்ட்டு வாசலில் அவள் அத்தானை மறித்தாள். சத்தம் போடவில்லை.

"ஐயா, ஒங்க மகன் தலையத் தொட்டுக்கிட்டு, அந்த வயலு அவுகளுதுன்னு நீங்க கற்பூரம் அணைப்பியளா?"

அத்தான் சிரித்தபடி வண்டியில் ஏறிவிட்டார்.

அன்று சாயங்காலம் ஆறு வயது மகன் சிவசண்முகம் ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டான். தலையைத் தடவப் போன கை பாதியில் நின்றது. அதற்குப் பிறகு அந்தக் கை அவன் தலைக்குப் போகவே இல்லை. காய்ச்சல் என்றால் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார். பொங்கலன்று விழுந்து கும்பிட்டால், திருநீற்றை அவன் உள்ளங்கையில் போடுவார். பூஜையில் அக்காள் கற்பூரம் ஏற்றினால் எழுந்து வெளியே போய்விடுவார்.

பட்டப்பகலில், "வாசல்ல யாரோ நிக்காளே, யாருன்னு பாருடே" என்பார். போய்ப் பார்ப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள். போகப் போக எனக்கே அந்த வாசலைப் பார்க்கப் பயமாகிவிட்டது.

பையனோ அப்பாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டான். "நான் என்ன தப்பு செஞ்சேன் மாமா?" என்று கேட்பான்.

அந்த வழக்கோடு கற்பூர வக்கீல் என்ற பெயர் பரவி, தொழில் மட்டும் அமோகமாக நடந்தது. முனிசிபல் மெம்பர் ஆனார். 1913-ல் முனிசிபாலிட்டிக்காரர்களும் ஜில்லா போர்டுக்காரர்களும் ஓட்டுப் போட்டுச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். பதவியேற்கும்போது மற்றவர்கள் கடவுள் பேரால் ஆணையிட்டார்கள். அத்தான் வெறுமனே உறுதி சொன்னார். நாத்திகர் என்று கேலி பேசினார்கள். அங்கே அவர் முதலில் கேட்ட கேள்வி, பிள்ளை தலையைத் தொட்டுச் சத்தியம் கேட்கும் வழக்கத்தைக் கோர்ட்டுகளில் நிறுத்தக்கூடாதா என்பது. யாரையும் வற்புறுத்தவில்லையே என்று சர்க்கார் தரப்பில் பதில் வந்தது. அத்தான் உட்கார்ந்துவிட்டார்.

ஊர் திரும்பியதும் அந்த வயலை விலைக்குக் கேட்டார். ஜெயித்த வயலை விற்கமாட்டேன் என்றார் மிராசுதார். பிறகு அத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு சீவலப்பேரிக்குப் போனார். பேராச்சி அதே வயலில் கூலிக்கு நடவு நட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் வரப்பில் நின்று, மற்ற பெண்களும் கேட்கும்படி சொன்னார்.

"நீ அன்னைக்குக் கேட்டதுக்குப் பதில் சொல்ல வந்தேன். அணைக்கமாட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இத அன்னைக்கு முன்சீப்புகிட்ட சொல்லியிருந்தா, இது என் வயலா இருந்திருக்கும்."

அத்தான் போகாமல் நின்றார். அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"எம்மவன் நல்லாருக்கான். ஒங்க பிள்ளைக்கும் ஒண்ணும் வராது. போங்க ஐயா."

வீட்டுக்கு வந்ததும் மகனைக் கூப்பிட்டார். வளர்ந்த பையன், குனிந்து நின்றான். கை உயர்ந்தது. பாதியில் இறங்கிவிட்டது. "போய்ப் படி" என்று அனுப்பிவிட்டார். அவள் மன்னித்தும் பிரயோஜனம் இல்லாமல் போயிற்று.

1918 விஷக்காய்ச்சலில் நாலே நாளில் அத்தான் போனார். குளிப்பாட்டத் தூக்குவதற்கு முன்னால் சிவசண்முகம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அப்பாவின் வலது கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்தான். அது வழுக்கி விழுந்தது. மறுபடியும் எடுத்து வைத்தான், மறுபடியும் விழுந்தது. பிறகு இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தலையோடு அழுத்திக்கொண்டு அப்படியே இருந்தான்.