அப்பாவின் குரலுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்

மலேசியாவின் ஸ்கூடாய்க்குக் குடிவந்த பிறகு என் கன்னத்தில் அடிக்கடி கறுப்புத் துகள்கள் ஒட்டியிருக்கும். மை என்று நினைத்துத் துடைப்பேன், மறுநாளும் இருக்கும். என் ஹெட்போனின் காதுறைதான் இந்த ஊர் ஈரத்தில் உரிந்து உரிந்து உதிர்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. இங்கே உப்பு நீர் விடும். டப்பாவில் வைத்த அப்பளம் துவண்டு போகும். தோல் மாதிரி செய்த எந்தப் பொருளும் ஒரு வருடம் தாங்காது. ஒட்டன்சத்திரத்தில் வெயிலில் காய்ந்து வளர்ந்த எனக்கு, எல்லாப் பொருளும் கையில் பிசுபிசுக்கிற இந்த ஊர் இன்னும் பழகவில்லை.

என் வேலையே கேட்பதுதான். ஒரு காப்பீட்டு நிறுவனத்தைத் தமிழ் பேசும் வாடிக்கையாளர்கள் அழைக்கும்போது பதிவாகும் உரையாடல்களை வீட்டிலிருந்தபடி கேட்டு, பணியாளர் சரியாகப் பதில் சொன்னாரா என்று மதிப்பிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "காடி அடிபட்டிருச்சுங்க" என்று ஒருவர் பதறியதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எங்கள் ஊரில் காடி என்றால் புளித்த நீர். அதற்கு எப்படி அடிபடும்? இங்கே காடி என்றால் கார் என்று என் கணவர் செந்தில் சொன்ன பிறகுதான் அந்த மனிதரின் பதற்றம் எனக்குள் இறங்கியது. அப்படி நாளெல்லாம் காதை மூடிக்கொண்டு கேட்டதில் உள்ளே புண் வந்துவிட்டது. கிளினிக்கில் டாக்டர் சிரிக்காமல் சொன்னார், "ஹெட்போன மறந்துடுங்க சிஸ்டர்." அன்றிலிருந்து கணினித் திரைக்குள்ளேயே இருக்கும் ஸ்பீக்கரில் கேட்டேன். தகரக் குவளைக்குள் யாரோ பேசுவதைப் போல இருந்தது. வேலையை எப்படியோ ஒப்பேற்றினேன். அப்பாவைத்தான் ஒப்பேற்ற முடியவில்லை.

அப்பா காய்கறி மார்க்கெட்டில் ஏலம் விட்டவர். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் அவர் நின்று விலை கூவினால், வெளியே லாரியில் சாய்ந்திருக்கும் வியாபாரி அங்கிருந்தபடியே கை தூக்குவார். வீட்டிலும் அதே குரல்தான். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று செந்திலின் அம்மா, "உங்கப்பா கோவமா இருக்காரா?" என்று என்னிடம் தனியாகக் கேட்டார். அப்பா அப்போது காபி வேண்டுமா என்றுதான் விசாரித்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடங்களுக்கு முன் அவருக்குத் தைராய்டு கட்டி எடுத்தார்கள். கட்டி போனது, கூடவே குரலும் போனது. ஒரு குரல்நாண் அசையவில்லை, திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். வரவில்லை. காற்று மட்டும் வந்தது. நான் ஓடிப்போய் அவருடன் ஆறு வாரம் இருந்தேன். திரும்பியபோது ஜொகூர் பாருவில் நான் பார்த்துவந்த வேலையில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அடுத்த வேலை கிடைக்கப் பல மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் அம்மாவிடம் தொலைபேசியில் அழுதிருக்கிறேன். அதை அவர் மறக்கவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

வீடியோ அழைப்பில் அப்பாவின் உதடுகள் அசையும். எனக்கு ஒன்றும் கேட்காது. சில நேரம் ஒரு 'ஸ்' மட்டும் வந்து அறுந்து போகும். உடனே அம்மா குனிந்து திரைக்குள் வந்து மொழிபெயர்ப்பார். "நல்லா இருக்கேங்கறாரு. சாப்பிட்டியாங்கறாரு. வேலயக் கெடுத்துக்கிட்டு இங்க வர வேண்டாங்கறாரு." அப்பா அம்மாவைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார், பிறகு எழுந்து போய்விடுவார். நாளாக ஆக, முகத்தைக் காட்டிவிட்டு உடனே எழத் தொடங்கினார். அழைப்பு முடிந்ததும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சமையலறைக்குப் போவேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புவேன். காய்ந்த துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடிப்பேன்.

"ஸ்பீக்கர மாத்திப் பார்க்கலாம்" என்றார் செந்தில். இணையத்தில் தள்ளுபடியில் வந்த ஒன்றை வாங்கியும் விட்டார். இரண்டு சின்னப் பெட்டிகள், மேசைக்கடியில் வைக்க, அடித்தொனிக்கென்று ஒரு பெரிய சப்வூஃபர். நான் வேலைப் பதிவு ஒன்றைப் போட்டதும் வாடிக்கையாளர் ஒவ்வொரு சொல்லுக்கும் இருமுவதைப் போலத் தரை அதிர்ந்தது. மூன்றாம் நாள் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு கக் ரோஸ். சிரித்த முகத்துடன், "பஸ் குவாட் சங்கட்லா" என்றார். மலாயில் பஸ் என்றால் பேருந்து, குவாட் என்றால் பலம். அந்த அளவு மலாய் எனக்குத் தெரியும் என்கிற பெருமையில் பால்கனிக்குப் போய், கீழே பள்ளிப் பேருந்து ஏதாவது ஹாரன் அடிக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். "தாக் அட பஸ், கக்" என்றேன். பேருந்து ஒன்றும் இல்லையே, அக்கா. அவர் குழம்பிப் போய்த் தன் நெஞ்சில் கையை வைத்து, "டும், டும்" என்று காட்டினார். ஸ்பீக்கரின் பேஸைத்தான் அவர் 'பஸ்' என்றிருக்கிறார்! இருவரும் வாசலிலேயே நின்று சிரித்தோம். மறுநாள் ஒரு தட்டில் கறிபாப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார். சப்வூஃபர் அன்றே அட்டைப்பெட்டிக்குள் போனது.

அதன்பிறகு நானே கடைக்குப் போனேன். எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து இரண்டு சிக்னல் தள்ளி, மாணவர்கள் மொய்க்கிற கணினிக் கடை வரிசையில் ஜெசிந்தாவின் கடை. சிம்பாங் ரெங்கம் தோட்டத்தில் பிறந்தவர். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

"பேச்சுக் குரல் தெளிவாக் கேக்கணும். பாட்டெல்லாம் முக்கியமில்ல" என்றேன்.

"குரலுக்கா? அப்போ கரோக்கே தானே! சொல்ல வேண்டியதுதானேக்கா" என்று உள்ளே போய், விளக்கு மினுக்குகிற ஒரு ஆளுயரப் பெட்டியைச் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு வந்தார். மைக்கை என் கையில் திணித்தார். "பாடிப் பாருங்கலா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

நான் பாடவில்லை. கைப்பேசியை எடுத்து, அம்மா வற்புறுத்தி அப்பாவிடம் ஒரே ஒருமுறை வாங்கி அனுப்பிய குரல் பதிவைக் காட்டினேன். "இது கேக்கணும்." பெரிய பெட்டியில் போட்டால் காற்றடிப்பது போல ஒரு உறுமல்தான் வந்தது. ஜெசிந்தாவின் முகம் மாறியது. அதை ஓரம் தள்ளிவிட்டு, அலமாரியிலிருந்து ஒவ்வொரு ஜோடியாக இறக்கினார். பளபளப்பான ஒன்றில் குரல் கூர்மையாகிக் காதைக் குத்தியது. இன்னொன்றில் அடித்தொண்டை மட்டும் கேட்டது, சொற்கள் கரைந்தன. கடைசியில் செங்கல் அளவே இருந்த ஒரு சாம்பல் நிற ஜோடி. அலங்காரம் ஒன்றும் இல்லை. அதை என் காது உயரத்துக்கு வருமாறு இரண்டு அட்டைப்பெட்டிகள்மேல் வைத்து, சுவரிலிருந்து தள்ளி, என் பக்கம் லேசாகத் திருப்பினார். அப்பாவின் பதிவு மறுபடி ஓடியது. "நல்லா... இருக்கேங் கண்ணு." ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்தது. சொல்லுக்குச் சொல் அவர் மூச்சு வாங்குவதும் வந்தது.

"யாருக்கா அது?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"அப்பா."

"அலமாக்" என்றார் மெதுவாக, அடடா என்பதைப் போல. ஸ்பீக்கரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து, கடையில் வைத்திருந்த அதே மாதிரி ஸ்பீக்கர்களை வைத்து, ஊருக்கு அழைத்தேன். அப்பாவின் உதடுகள் அசைந்தன. ஒன்றும் கேட்கவில்லை. பழைய தகரக் குவளை மௌனம் இப்போது விலையுயர்ந்த மௌனமாகிவிட்டது, அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க அந்த ஸ்பீக்கர்களை நகர்த்திக்கொண்டே இருந்தேன். சன்னலோரம், சுவரோரம், புத்தக அடுக்கின் மேல். மேசையையே அறையின் மறுபக்கத்துக்கு இழுத்தேன். "இப்படியே போனா வீட்டையே தூக்கித் திருப்பி வச்சிடுவ போல" என்றார் செந்தில். நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

ஒரு முற்பகலில் வேலைப் பதிவு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெண், பக்கத்தில் குழந்தை தூங்குகிறது என்று தாழ்ந்த குரலில் பேசினார். அவர் குரல் தாழத் தாழச் சொற்கள் பாதியில் வெட்டுப்பட்டன. இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். இரைச்சலை நீக்கும் மென்பொருள் மின்விசிறிச் சத்தத்தையும் ரகசியக் குரலையும் பிரித்தறியாது, இரண்டையும் சேர்த்து அழித்துவிடும். என் கை மௌஸிலேயே நின்றுவிட்டது. பதிவில் அப்பாவின் குரல் கேட்கிறது, அழைப்பில் கேட்கவில்லை. என் பக்கத்தில் எந்தக் கோளாறும் இல்லை. அங்கிருந்து கிளம்பும்போதே அழைப்புச் செயலி அவர் குரலை இரைச்சல் என்று எண்ணித் துடைத்துவிடுகிறது.

இரைச்சல் நீக்கத்தை அணைக்க வழியுள்ள அலுவலகச் செயலி ஒன்றை அம்மாவின் கைப்பேசியில் இறக்கச் சொன்னேன். அம்மாவுக்கு இஷ்டமே இல்லை. "எதுக்கு கண்ணு இதெல்லாம்? அதான் நாஞ் சொல்றேனல்ல." மேலே மூன்று புள்ளி இருக்கிறதா என்றால், இல்லை என்றார். இருக்கிறது பாரும்மா என்றால், கண்ணாடியைக் காணோம் என்றார். முடிவில் அப்பாவே கைப்பேசியைப் பிடுங்கி, நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அமுக்கினார்.

சட்டென்று ஒட்டன்சத்திரம் முழுக்க என் அறைக்குள் வந்து விழுந்தது. காக்கை, பக்கத்து வீட்டு மிக்ஸி, தெருவில் கோலமாவு விற்பவரின் ஒலிபெருக்கி, தலைக்கு மேலே மின்விசிறியின் கிறீச். அத்தனைக்கும் அடியில், மிக அருகில், மூச்சும் சொல்லுமாக அப்பா.

"எப்போ... கண்ணு... வருவ?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மா பழக்கம்போலக் குனிந்து திரைக்குள் வந்தார். "இப்போ வர வேண்டாங்கறாரு. எதுக்கு அலைச்சல்னு கேக்கறாரு."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, எனக்குக் கேட்டுச்சு" என்றேன்.

அம்மா நிமிர்ந்தார். முகம் திரைக்கு வெளியே போய், புடவையும் கையும் மட்டும் தெரிந்தன. அங்கிருந்து குரல் மட்டும் வந்தது. "கேட்டா என்ன பண்ணுவ? உடனே பெட்டியத் தூக்கிட்டு வந்து நிப்ப. போன தடவ வந்து வேல போச்சு. நீ போன்ல அழுததக் கேட்டுக்கிட்டு இங்க நாந்தான் தூங்காமக் கெடந்தேன். இவருக்கு என்ன, தெனமும் இதையேதான் கேக்கறாரு."

"தினமுமா?"

அப்பா அம்மாவின் முழங்கையைத் தொட்டார். "விடு... அவளத்... திட்டாத" என்றார். திட்டியது யார், திட்டு வாங்கியது யார் என்று அவருக்கே குழப்பமாக இருந்திருக்க வேண்டும். எனக்கும்தான். அம்மாமேல் கோபம் வந்தது. அந்தக் கோபம் போகுமிடம் தெரியாமல் என் மேலேயே திரும்பியது. இத்தனை மாதமும் என் சம்பளத்துக்கும் அப்பாவின் ஆசைக்கும் நடுவில் அம்மா ஒற்றை ஆளாக நின்றிருக்கிறார்.

இந்தமுறை ஒழுங்காக விடுப்புக் கேட்டேன். பத்து நாள் கொடுத்தார்கள். செனாய் விமான நிலையத்தில் ஏறி, கோலாலம்பூரில் மாறி, திருச்சியில் இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது அப்பா வாசலில் நின்றிருந்தார். பெரிதாக எதுவும் சொல்லவில்லை. தக்காளி விலை சொன்னார், மார்க்கெட்டில் தனக்குப் பின் வந்தவன் அவசரப்படுகிறான் என்றார். அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டேன். அம்மா முதல் இரண்டு நாளும் என்னிடம் முறைப்பாகவே இருந்தார். மூன்றாம் நாள் என் தலையில் எண்ணெய் வைத்தார். அழுத்தித் தேய்த்ததில் வலித்தது. அதுதான் சமாதானம்.

ஆனால் என்னால் அங்கேயும் உட்கார முடியவில்லை. ஸ்கூடாயில் செந்தில் கேஸை அணைத்தாரா, பால்கனிக் கதவைப் பூட்டினாரா, கக் ரோஸிடம் சொல்லாமலே வந்துவிட்டேனே என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. நடுப்பகலில் செந்தில் அங்கே என் மேசையிலிருந்து, இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிட்டு அழைத்தார். இங்கே முற்றத்தில் கால் வைக்க முடியாத வெயில். கொடியில் துணி விறைத்துக் கிடந்தது. கைப்பேசியிலிருந்து அவர் குரலுக்கு முன்னால் ஒரு பெரும் இரைச்சல் வந்தது. அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"என்ன... சத்தம் கண்ணு... அது?"

"வீட்டுல மழைப்பா" என்றேன்.

அப்பா எழுந்துபோய் வாசலில் நின்று, மேகமே இல்லாத வானத்தைப் பார்த்தார்.