ஆளுக்கொரு விமானம்

மூன்று மாதமாக அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடம் கிடையாது. மகள் விட்டுப்போன பழைய மடிக்கணினி மேசையை அடைத்துக்கொண்டிருந்தது. அதன் திரை பின்னால் சாயாமலிருக்க மாவு டப்பா ஒன்று முட்டுக்கொடுத்து நின்றது. எதிரே, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு லிஃப்ட்காரர் உட்கார்ந்திருப்பார். அவர் மனைவி தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிவிட்டார்.

முப்பது வருடத்துக்கு மேல் உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்த மனிதர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குடியிருப்பில் அவர் லிஃப்ட்காரர்தான், மனைவி லிஃப்ட்காரம்மா. ஒரு திருகைக் கழற்றுவதற்கு முன் அதை நாலு பக்கமும் சுற்றிப் பார்க்கிறவர். வீட்டில் குழாய் ஒழுகினால் கீழே வாளியை வைத்துவிட்டு யோசிக்க உட்கார்ந்துவிடுவார். யோசித்து முடித்துக் கை வைத்தால் அந்தக் குழாய் ஆயுசுக்கும் ஒழுகாது. லிஃப்ட்காரம்மாவுக்கு இதெல்லாம் பழகிப்போன சங்கதி. ஆனால் இந்தத் தடவை வாளி நிரம்பி வழிய ஆரம்பித்திருந்தது.

அவர்களுடைய ஒரே மகள் ஒரு பயணிகள் கப்பலின் சமையலறையில் கேக் செய்கிறாள். வீட்டுக்கு வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேலை செய்கிறவர்களின் பெற்றோருக்கு, ஏதாவது ஒரு பயணத்தில், கப்பல் கம்பெனி ஓர் அறை கொடுக்கும். பூமியின் மறுபக்கத்தில் ஒரு துறைமுகத்தில் ஏறி, பத்து ராத்திரி கடலில் சுற்றிவிட்டு அங்கேயே வந்து இறங்கலாம். பிற்பகலில் மகளுக்கு ஓய்வு கிடைக்கும் கொஞ்ச நேரம் அவளோடு உட்கார்ந்து பேசலாம். இந்தப் பயணம் முடிந்ததும் அவளை வேறு கப்பலுக்கு, வேறு கடலுக்கு மாற்றுகிறார்கள். இதை விட்டால் மறுபடி எப்போது என்று அவளுக்கே தெரியாது.

அறை கிடைத்துவிட்டது. போய்ச் சேர விமானம்தான் பாக்கி. எந்த விமானத்தில் வந்து இறங்குகிறார்கள் என்பதை வரும் வெள்ளிக்கிழமைக்குள் மகள் கப்பல் ஆபீசில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அறை, வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும்.

விமானக் கம்பெனிகளுக்கு அந்த வீட்டில் தனிப் பெயர்கள் இருந்தன. எங்கும் நிற்காமல் போய்ச் சேருகிறவன் ‘ஒரே மூச்சு’. நடுவில் ஒரு பெரிய விமான நிலையத்தில் இறக்கி வேறு விமானத்தில் ஏற்றுகிறவன் ‘பாதி வழி’. மூன்று ஊர்களில் இறங்கி இறங்கிக் குதித்துப் போகிறவன் ‘தவளை’. பெயர் வைத்தவர் லிஃப்ட்காரம்மாவின் தம்பி. மருந்துக் கிடங்கு ஒன்றில் லாரிகளுக்குச் சரக்கு பிரித்து அனுப்புகிற வேலை அவருக்கு. எதையும் எங்கேயும் அனுப்பிவிடலாம் என்ற தைரியம் அந்த வேலையில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தால் மாமாவின் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பார்.

‘ஒரே மூச்சு’தான் சரி என்று எல்லோரும் சொன்னார்கள். லிஃப்ட்காரர் அதில் இருக்கை குறுகல் என்றார். தம்பி அளவு நாடாவை எடுத்துவந்து சாப்பாட்டு மேசை நாற்காலியை அளந்து, விமானத்து இருக்கை இதைவிட இரண்டு விரல் அகலம் என்று நிரூபித்தார். பிறகு லிஃப்ட்காரர், அந்தக் கம்பெனி அடிக்கடி நேரத்தை மாற்றுகிறது என்றார். தம்பி கிடங்கில் நாலு பேரைக் கேட்டுவிட்டு வந்து அப்படியெல்லாம் இல்லை என்றார். பிறகு சாப்பாடு ஆறிப்போய் வரும் என்றார். பிறகு விமானம் பழசு என்றார். ‘பாதி வழி’யை இரண்டே வார்த்தையில் ஒதுக்கினார். ‘தவளை’யை மட்டும் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பார். பார்த்துவிட்டு, ஓர் ஊரில் படியில் இறங்கி பஸ் பிடித்து மறுபடி படியேற வேண்டும், உன் முட்டிக்கு ஆகாது என்று மூடிவிடுவார். அதுவும் உண்மைதான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நின்றபடியே துணி மடித்துத் தேய்ந்துபோன முட்டிகள் அவை.

“மாமா, நீங்க பாத்து முடிக்கிறதுக்குள்ள கப்பல் போயிட்டுத் திரும்பி வந்துடும்” என்றார் தம்பி.

“வரட்டும் மாப்ளே. இங்கயே ஏறிக்கலாம்.”

லிஃப்ட்காரம்மா சிரிக்கவில்லை. மகள் போனில் கேட்கும்போதெல்லாம், அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்தது. உங்களுக்கு வர விருப்பமில்லையோ என்று ஒரு நாள் அவரிடமே கேட்டுவிட்டார். லிஃப்ட்காரர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு பால்கனியில் போய் நின்றுகொண்டார். அந்த முதுகைப் பார்த்தபோது கேட்டிருக்க வேண்டாம் என்று பட்டது.

வியாழக்கிழமை லிஃப்ட்காரம்மா பொறுமையிழந்து அவரை டிக்கெட் ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனார். ஆபீஸ் மூன்றாவது மாடியில். வழக்கம்போல அவர் லிஃப்டிலும் லிஃப்ட்காரர் படியிலும் ஏறினார்கள். ஓய்வு பெற்றதிலிருந்து அவர் லிஃப்டில் கால் வைப்பதில்லை. உள்ளே நின்றால் ஒவ்வொரு சத்தமும் வேலையாகத் தெரிகிறது, விட்டது சனி என்று இருக்க முடியவில்லை என்பார். லிஃப்ட்காரரே படியில் ஏறுகிறார் என்று குடியிருப்பில் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

மேலே லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. லிஃப்ட்காரம்மா அதில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். கீழே படியில் செருப்புச் சத்தம் வந்து, நின்று, மறுபடி வந்தது. பக்கத்தில் லிஃப்டின் கதவு தானாக மூடிக்கொண்டது. மூடின கதவையே அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கை, சாப்பாடு, பழைய விமானம் என்று மூன்று மாதமாகக் கேட்டவை ஒவ்வொன்றாக உதிர்ந்து விழுந்தன.

லிஃப்ட்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். உள்ளே போகலாம் என்றவரைப் பிடித்து உட்காரவைத்தார்.

“வேலைல இருந்த வரைக்கும் லிஃப்ட்ல ஏறிட்டுதானே இருந்தீங்க?”

“ஏறினேன்.”

“அப்புறம் என்னாச்சு?”

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். நேரமெடுத்துத் துடைத்தார்.

“சாவியைத் திருப்பிக் குடுத்துட்டேன்.”

லிஃப்ட் கதவைத் திறக்கிற சாவியைச் சொன்னார். வேலை செய்த காலமெல்லாம் அவருடைய கால்சட்டைப் பையில் கிடந்தது. துணி துவைக்கும் முன் அதை எடுத்து வைப்பது லிஃப்ட்காரம்மாவின் வேலை. கடைசி நாளன்று கருவிகளோடு அதையும் ஒப்படைத்துவிட்டுக் கீழே வர லிஃப்டில் ஏறினாராம். கதவு மூடியது. பையில் கை விட்டால் பை காலியாக இருந்தது. கீழே வருவதற்குள் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

“அந்தச் சாவியை வெளியிலேர்ந்துதான் போட முடியும். உள்ள மாட்டினா அதால ஒரு பிரயோஜனமும் இல்ல. எனக்குத் தெரியாதா? ஆனா பையில இருந்துச்சு.”

“விமானம்?”

“பதினஞ்சு மணி நேரம். கதவைத் திறன்னு கத்திடுவேனோன்னு இருக்கு. உன் பக்கத்துல உக்காந்துகிட்டு, அத்தனை பேர் பாக்க.”

“தவளைல?”

“நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம். பல்லைக் கடிச்சுட்டு இருந்துடுவேன். ஆனா உன்னால முடியாதே.”

மனிதர் இத்தனை நாளும் தட்டிக்கழிக்கவில்லை. தன்னுடைய நெஞ்சும் இவளுடைய முட்டியும் சேர்ந்து தாங்குகிற ஒரு விமானத்தைத் தேடியிருக்கிறார். அப்படி ஒன்றை யாரும் ஓட்டவில்லை. லிஃப்ட்காரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. உடம்பு முழுக்க ஓர் அசதிதான் வந்தது, மூன்று மாதத்து அசதி.

“இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் மேசைல சாப்பிட்டிருப்பேன்” என்றார்.

மாத்திரை போட்டுக்கொண்டு நானும் தவளையிலேயே வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். லிஃப்ட்காரர் ஒப்பவில்லை. நீ மட்டும் போய் மகளைப் பார்த்துவிட்டு வா, நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அதை லிஃப்ட்காரம்மா காதில் வாங்கவே இல்லை.

“இப்ப மூணாவது மாடிக்கு எப்படி வந்தோம்?”

“எப்படின்னா?”

“நான் ஒரு வழி, நீங்க ஒரு வழி. அதே மாதிரி போவோம். ஒரே விமானத்துல வந்தாதான் புருஷன் பொண்டாட்டின்னு எவனாவது எழுதி வச்சிருக்கானா?”

டிக்கெட் ஆபீஸ் பெண் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கையா என்று கேட்டாள். விமானமே வேறு வேறு என்றதும் நிமிர்ந்து பார்த்தாள். லிஃப்ட்காரர் தண்ணீர் குடிக்க எழுந்து போன சமயம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, “வீட்டுல ஏதாவது பிரச்சினையாம்மா?” என்றாள்.

“நாப்பது வருஷமா இருக்கு. அதுக்கும் டிக்கெட்டுக்கும் சம்பந்தமில்ல.”

மகளுக்கு அன்றே சொல்லிவிட்டார்கள். லிஃப்ட்காரர் ஒரு நாள் முன்னதாகப் புறப்பட வேண்டும்; மனைவிக்குச் சில மணி நேரம் முன்னால் போய் இறங்கி, வாசலில் காத்திருக்க வேண்டும். மறுநாள் கப்பல். தம்பி கேள்விப்பட்டு, ஒரு வழியாகத் தப்பித்துவிட்டீர்கள் மாமா என்று கைகொடுத்தார்.

புறப்படுகிற நாளில் லிஃப்ட்காரர் சுத்தமாகச் சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி கிளம்பினார். முதல் ஊரில் இறங்கியதும் போன் செய்தார். “ஒண்ணும் தெரியல. தூங்கவே தூங்கிட்டேன்” என்றார். பொய் என்று குரலிலேயே தெரிந்தது. இருந்தாலும் லிஃப்ட்காரம்மா நம்பினது போலப் பேசி வைத்தார்.

மறுநாள் கிளம்பிய லிஃப்ட்காரம்மாவின் பயணம் நீண்டது, அவ்வளவுதான். சக்கர நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். தூங்கினார், விழித்தார், கொடுத்ததைச் சாப்பிட்டார், மறுபடி தூங்கினார். காலை நீட்டி மடக்கியும் முட்டி மரத்துப்போயிற்று. ஒவ்வொரு தடவை விழித்தபோதும் முன்னால் இருந்த கதவைப் பார்த்தார். அது ஒரு கதவு. அதைத் திறக்க வேண்டும் என்று அவருக்கு ஒருபோதும் தோன்றவில்லை. தனக்குத் தோன்றாதது தன் புருஷனுக்கு ஓயாமல் தோன்றும் என்றால், அந்த மனிதர் பக்கத்தில் இருந்திருந்தால் எப்படி இந்தப் பதினைந்து மணி நேரத்தை உட்கார்ந்து கழித்திருப்பார் என்று நினைத்தபோதுதான் முதல் தடவையாகப் பயம் வந்தது.

இறங்கியதும் போனை உயிர்ப்பித்தார். லிஃப்ட்காரரிடமிருந்து ஒரே செய்தி, அரை நாளுக்கு முன் அனுப்பியது. “ரெண்டாவது ஊர்ல ஏறல. கவலைப்படாதே.”

கூப்பிட்டார். போன் அணைந்திருந்தது. பறந்துகொண்டிருந்தாலும் அணைந்திருக்கும், எங்காவது மூலையில் உட்கார்ந்து சார்ஜ் தீர்ந்துபோயிருந்தாலும் அணைந்திருக்கும். சக்கர நாற்காலியைத் தள்ளிவந்தவர், கூட்டிப்போக ஆள் வருவார்களா என்று கேட்டார். வருவார் என்று சொல்லி, வெளியே வரும் வாசலுக்கு எதிரே ஒரு வரிசை நாற்காலியில் இறங்கிக்கொண்டார்.

கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. பெட்டிகளும் குழந்தைகளும் தூக்கக் கலக்கமுமாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்துவிட்டீர்களா என்று மகள் கேட்டிருந்தாள். கேள்வியைப் பார்த்துவிட்டு லிஃப்ட்காரம்மா போனை மடியில் கவிழ்த்து வைத்தார். நான் மட்டும் என்று எழுத விரல் வரவில்லை. ஒரு கூட்டம் வடிந்து, அடுத்த கூட்டம் வந்தது. அதுவும் வடிந்தது. லிஃப்ட்காரர் எங்கேயோ ஓர் ஊரில், ஏறவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் நிற்பது போலக் கண்ணில் நின்றது. நாம்தான் தனியாக அனுப்பினோம் என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியில், ஒரு பெரிய கூட்டம் போய் முடிந்த பிறகு, லிஃப்ட்காரர் தனியாக வந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப்போயிருந்தது. முகம் கறுத்து, இரண்டு நாள் தாடி. பெட்டியைப் பின்னால் இழுக்காமல் முன்னால் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஏன் ஏறல?”

“கதவு வரைக்கும் போனேன். கால் வரல. வயித்து வலின்னு சொல்லிட்டு வெளியில வந்துட்டேன்.”

“அப்புறம்?”

“அடுத்ததுலயும் அப்படித்தான். அங்கயே உக்காந்து யோசிச்சேன்.”

“யோசிச்சு?”

“வீட்டுக்குத் திரும்பிடலாம்னு பாத்தேன்.” லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார். “அதுக்கும் விமானத்துலதானே ஏறணும்.”

லிஃப்ட்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற தெம்பு இல்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது லிஃப்ட்காரர் வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தார். லிஃப்ட்காரம்மா போனைத் திருப்பி, மகளுக்கு ஒரு வரி எழுதினார்.

“ரெண்டு பேரும் வந்துட்டோம்.”

அனுப்பிவிட்டு, மாறிப்போன பொத்தானை அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டார். எழுப்பவில்லை. கப்பல் நாளைக்குத்தான்.