கையப் பாக்காத, இரும்பப் பாரு

இன்று காலை ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் நறுக்கினேன். நறுக்கின கத்தியைக் கழுவாமல் மேடைமேல் வைத்துவிட்டு, வாசல் கதவைத் தாழ் போட்டேனா என்று பார்க்கப் போய்விட்டேன். போட்டுத்தான் இருந்தது. எப்போதும் போட்டுத்தான் இருக்கும். திரும்பி வந்தால், கத்திமேல் சாறு காய்ந்து, மங்கிக் கிடந்த கோடுகள் நேர்நேராகக் கறுப்பாய் எழும்பியிருந்தன. இரும்பும் எலுமிச்சையும் கலந்தால் ஒரு வாடை வரும், சின்ன வயதில் காசை வாயில் போட்டுக்கொண்டு அடி வாங்குவோமே, அந்த வாடை. அது மூக்கில் ஏறியதும் மனசு பழைய பட்டறைக்குப் போய்விட்டது.

நான் எட்டாவதோடு நின்றவள். படித்ததைவிடப் பயந்ததுதான் அதிகம். பௌர்ணமிக்கு ஊரே மலையைச் சுற்றும். நான் என் வீட்டுப் பூட்டைச் சுற்றுவேன். இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவேன், மறுபடி வந்து இழுத்துப் பார்ப்பேன். இப்படிப்பட்டவள் கையில் ஒருவர் சம்மட்டியைக் கொடுத்தார் என்றால் அவருக்கு எவ்வளவு தைரியம் இருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள். கொடுத்தவர் என் வீட்டுக்காரர்.

செங்கம் ரோட்டில் லாரிக்குப் பட்டை கட்டும் பட்டறை எங்களுடையது. லாரிக்கு அடியில் வில் மாதிரி அடுக்கடுக்காக வளைந்திருக்குமே, அந்தப் பட்டை. உடைந்ததைக் கழற்றிப் புதிதாக வளைத்துப் போடுவார். கழற்றினதெல்லாம் பின்பக்கம் குவிந்து கிடக்கும். மரவாடியில் தூக்கிப் போட்ட ரம்பத் தகடு, பல் தேய்ந்த அரம் எல்லாம் அதோடு சேரும். மழை பெய்தால் துரு வாடை என் சாம்பாருக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். இரும்புக் கடைக்குப் போடுங்கள் என்றால், "இருக்கட்டும், எதுக்காச்சும் ஆவும்" என்பார்.

ஆனது பீட்டர் சாமியால். ஆசிரமத்துப் பக்கம் வேட்டி கட்டின வெள்ளைக்காரர் எல்லோரும் எங்களுக்குச் சாமிதான். சைக்கிள் கேரியர் பற்றவைக்க வந்தவர், எங்கள் குப்பையைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தார். போனில் ஒரு வீடியோ காட்டினார். இரண்டு மூன்று வகை இரும்பை அடுக்கிக் காய்ச்சி, ஒன்றாக அடித்து, மடித்து, மறுபடி அடிக்கிறார்கள். கத்தியாக்கி ஆசிட்டில் முக்கினால் ஒவ்வொரு இரும்பும் ஒவ்வொரு நிறமாகி, பலகையில் ரேகை ஓடுகிற மாதிரி கோடு தெரிகிறது.

"இது பரோட்டா மாவுதான?" என்றார் இவர். "மடிச்சி மடிச்சி அடிக்கறான். நாம அடிக்க மாட்டமா?"

அப்போதே இவருடைய வலது கை ஆட ஆரம்பித்திருந்தது. என்னிடம் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்? டீ குடித்துவிட்டு டம்ளரைத் தட்டில் வைக்கும்போது டக்டக்டக் என்று சத்தம் வரும். நான் அடுப்பு முன்னால் நின்றபடி அது எப்போது நிற்கும் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

"இன்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"எதுக்கு? டீ சூடு ஜாஸ்தி, அதான்."

டீ ஆறிப்போன நாட்களிலும் அதே பதில்தான்.

கூட வேலை செய்த ஆள் ஓசூர் கம்பெனிக்குப் போய்விட்டார். ஆடுகிற கையால் குறி பார்த்துச் சம்மட்டி அடிக்க முடியாது, இடுக்கியால் பிடித்துக்கொள்ளவாவது முடியும் என்று இவர் கணக்குப் போட்டார். அடிப்பதற்கு மீதி இருந்தது நான்.

பட்டையையும் ரம்பத் தகட்டையும் துண்டு போட்டு அடுக்கி, ஓரத்தில் வெல்டிங் வைத்து, உலையில் வைத்தார். நாட்டு மருந்துக் கடையில் வாங்கின வெங்காரத்தைத் தூவினார். அது இருந்தால்தான் இரும்போடு இரும்பு ஒட்டுமாம். அப்பளம் மாதிரி பொரிந்து, தேன் மாதிரி வழிந்தது. இரும்பு மஞ்சளாகப் பழுத்ததும் இடுக்கியால் எடுத்துப் பட்டறைக்கல்மேல் வைத்தார். இடுக்கி ஆடியது. இரும்பும் ஆடியது. நான் சம்மட்டியைத் தூக்கியபடி நின்றேன்.

"அடி."

"உங்க கை..."

"கையப் பாக்காத. இரும்பப் பாரு."

"அண்ணாமலையாரே!"

"அவரு எறங்கி வரதுக்குள்ள இரும்பு ஆறிடும். அடிடி!"

அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடிக்கொண்டேன் என்று இவர் பிறகு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். பொய். பாதி அடிக்குத்தான்.

மடித்து மடித்து அடித்துக் கத்தியாக்கினதும், ரேடியோ மெக்கானிக்கிடம் வாங்கின ஆசிட்டை பெயின்ட் டப்பாவில் ஊற்றிக் கத்தியை முக்கினோம். எடுத்துக் கழுவினால், வீடியோவில் பார்த்த ரேகை இல்லை. சமுத்திரம் ஏரியில் சின்னக் காற்று போகும்போது தண்ணீர்மேல் சிலிர்ப்பு ஓடுமே, அது கத்தியின் உடம்பு பூராவும் ஓடியது. பீட்டர் சாமி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எப்படி? எப்படி?" என்றார்.

"தொழில் ரகசியம், சாமி" என்று சொல்லிவிட்டு இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். பின்னால் நின்ற எனக்கு அது ஆடுவது தெரிந்தது. அடிக்கு அடி அந்தக் கை இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாய் அசைத்துவிட்டிருக்கிறது. ரகசியம் அவ்வளவுதான்.

சாமி அதை வாங்கிக்கொண்டு, அதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்றார். பேர் கெட்டுவிடக் கூடாதென்று இவர் சைக்கிள் டியூபால் இடுக்கியை மணிக்கட்டோடு சேர்த்து இறுக்கக் கட்டிக்கொண்டார். கை அசையவே இல்லை. கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி வந்தன. சாமி பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். என் ரசத்துக்கும், வெயிலுக்கும், கரன்ட் போனதுக்கும் அவர் சொல்வது அதுதான். அந்தக் கத்தி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. இன்று எலுமிச்சம்பழம் நறுக்கினது அதில்தான்.

மூன்றாவதற்கு உலை மூட்டியபோது நான் டியூபை எடுத்துக்கொண்டு போனேன். வேண்டாம் என்று தள்ளினார்.

"கட்டாத. அது இஷ்டத்துக்கு ஆடட்டும்."

இத்தனை நாள் ஒளித்துவைத்த கையை அன்றைக்கு அவரே வேலைக்குக் கூப்பிட்டார். எனக்கென்னவோ பயம் வந்தது. எனக்கு எப்போதும் வரும், அதனால் நானே அதை மதிப்பதில்லை. இரும்பு மஞ்சளாக வந்தது. எடுத்தார். நான் சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கினேன். இடுக்கியின் வாய் தானாகத் திறந்துகொண்டது. இரும்பு சிமென்ட் தரையில் விழுந்து புகைந்தது. அவர் குனியவில்லை. வேறு யாரோ விட்டுப்போன சாமானைப் பார்ப்பது மாதிரி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கைமேல் சம்மட்டி விழுந்துவிடும் என்றுதான் அத்தனை நாளும் பயந்திருந்தேன். அது நடக்கவே இல்லை. தூக்கின சம்மட்டியை என்ன செய்வதென்று தெரியாமல், இரும்பு சிவந்து, கறுத்து, ஆறிப்போகும் வரை நின்றேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு வியாதி என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். கை ஆடுவது நிற்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளாத சன்னதி இல்லை. நின்றது. கூடவே கையும் நின்றது. சட்டைப் பொத்தான் இப்போது நான்தான் போட்டுவிடுகிறேன். பட்டறை இருந்த இடத்தில் காபிக் கடை வந்திருக்கிறது. உலை இருந்த மூலையில் பூந்தொட்டி. பீட்டர் சாமி அந்த முதல் கத்தியோடு தன் ஊருக்குப் போய்விட்டார். இவருடைய நடுக்கம் ஏதோ ஒரு தேசத்துச் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்.

கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு இவருக்கு டீ கொண்டுபோனேன். மெதுவாகக் குடித்தார். டம்ளரைத் தட்டில் வைத்தார். சத்தமே இல்லை. கேட்டுவிடும் என்று நினைத்தேனோ என்னவோ, அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னாடி?"

"ஒண்ணுமில்ல."

"கையப் பாக்காத" என்றார். அதற்கு அடுத்ததையும் சொல்வார் என்று காத்திருந்தேன். பார்க்கச் சொல்ல எதிரே இரும்பு இல்லை.