பைண்டிங் பாஸ் அடுக்கிய காலம்

எனக்கு வாயை அடக்கத் தெரியாது. ஒரு கதையை வாசித்தால் நாலு பேரிடம் கொட்டித் தீர்க்கும்வரை தலைக்குள் வண்டு குடையும். அப்படிப்பட்டவள் கையில், பத்தாம் வகுப்பு படிக்கிற வயதில், ஒரு காலப் பயணக் கதை கிடைத்தால் என்ன ஆகும்? கண்டியில் எங்கள் வகுப்பே கெட்டுக் குட்டிச்சுவரானது.

கதையைத் தந்தவர் பக்கத்து வீட்டு அக்கா. மாநகரசபையில் கிளார்க் வேலை. இந்தியாவிலிருந்து வரும் வாரப் பத்திரிகையில் ஓடிய தொடர் அது. ஒவ்வொரு வாரமும் கதைப் பக்கங்களை மட்டும் வெட்டிக் குண்டூசி குத்தி வைத்திருந்தார். தொடர் முடிந்ததும் டவுனில் ஒரு சிங்களவரிடம் பைண்ட் செய்யக் கொடுத்தார். எங்கள் ஊரில் மேசன், தச்சர், கைவேலை செய்கிற யாரானாலும் 'பாஸ்'தான். அவர் பைண்டிங் பாஸ். வாராவாரம் வாசித்து முடித்த கதை என்பதால், பைண்டாகி வந்த புத்தகத்தை அக்கா திறந்துகூடப் பார்க்காமல் என்னிடம் தந்துவிட்டார்.

அடேயப்பா, என்ன கதை! நம்மைப்போல ஒரு பள்ளிக்கூடப் பெண். அவள் ஊரில் மூடிக்கிடக்கிற ஒரு பழைய தியேட்டர். அதற்குள் விளையாட்டாக நுழைந்து மறுவாசலால் வெளியே வந்தால், அவளுடைய அம்மா சின்னப் பெண்ணாக இருந்த காலம்! தெருவில் ரெட்டைப் பின்னலோடு ஒருத்தி திமிராக நடந்து போகிறாள், அது அம்மா. மகள் பின்னாலேயே போய் அவளோடு சிநேகம் பிடிக்கிறாள்.

இந்த இடத்தில்தான் நாங்கள் எல்லோரும் விழுந்தோம். நம்மைக் காலையில் எழுப்பித் திட்டுகிற அம்மா, ஒருநாள் பாடசாலையைக் கட் அடித்துவிட்டுக் கொய்யா திருடப் போயிருப்பாள் என்று எந்தப் பெரியவர் நமக்குச் சொன்னார்? அந்தக் கதை சொன்னது. அன்று வீட்டுக்குப் போய் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் அம்மாவையே வெறித்துப் பார்த்தேன். "என்னடி, பேய் புடிச்சவ மாதிரி பாக்குற?" என்றார். நான் சிரித்த சிரிப்பில் அகப்பையைத் தூக்கிவிட்டார்.

இன்னொரு பைத்தியமும் பிடித்தது. கதை எடுத்த எடுப்பிலேயே அந்தப் பெண் பழைய காலத்தில் தொலைந்து நிற்பதில் தொடங்கும். கொஞ்ச தூரம் போனால், அவள் தன் காலத்துக்குத் திரும்பும் வழியைத் தேடுவாள். அதற்கப்புறம்தான் தியேட்டருக்குள் முதன்முதலாக நுழைவாள்! புத்தகத்தின் நட்டநடுவில் தியேட்டரை இடித்துவிடுவார்கள், அவள் அந்தக் காலத்திலேயே தங்கிவிடுவாள், தன் காலத்து உயிர்த்தோழி பிறக்கும்வரை காத்திருக்கத் தொடங்குவாள். அதோடு 'முற்றும்' என்று போட்டிருக்கும். பக்கத்தைத் திருப்பினால் கதை ஜம்மென்று மேலே ஓடும். கடைசி அத்தியாயத்தில் அவளும் தோழியும் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து கச்சான் கடலை கொறித்துக்கொண்டு, யார் முதலில் உள்ளே போவது என்று சண்டை போடுவார்கள். கடைசி வரிக்குக் கீழே 'தொடரும்'.

"எழுத்தாளன்னா இவன்தான்டி!" என்று இன்டர்வலில் கத்தினேன். "நடுவுல முற்றும் போட்டான் பாரு! அப்புறம் அவளைக் கொண்டாந்து, போன நாளுக்கு முந்தின நாள்லயே தோழிகிட்ட சேர்த்துட்டான்!" வகுப்பில் அரைவாசிப் பேர் கணக்குப் பாடத்தை விட்டுவிட்டு, அவள் எந்த வாசலால் எப்படித் திரும்பினாள் என்று பலகையில் படம் கீறி அடித்துக்கொண்டோம். விளங்கவில்லை என்று சொல்ல ஒருத்திக்கும் தைரியம் இல்லை.

அந்தக் கடைசி அத்தியாயத்தை எல்லோரையும் விட இறுக்கிப் பிடித்துக்கொண்டவள் என் பக்கத்தில் உட்காரும் தோழி. அம்பிட்டியப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் வீட்டுக்கு இந்தியா போகும் பாஸ்போர்ட் வந்திருந்தது. தோட்டத்துத் தமிழரில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டிருந்தன; அப்பா, அம்மா, அவள், தம்பி எல்லோரும் போக வேண்டும். மூத்த அக்காவைத் தெல்தெனியப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கு இங்கேயே பிரஜாவுரிமை. அவள் போக முடியாது, இவர்கள் இருக்க முடியாது.

"அம்மா சோறே திங்க மாட்டேங்குது புள்ள," என்றாள் தோழி. "ராவு பூரா அக்கா பேரைச் சொல்லி ஒப்பாரி. நான் இந்தக் கதையைக் கொஞ்சம் கொஞ்சமா வாசிச்சுக் காட்டுறேன். அதைக் கேக்கும்போது மட்டும்தான் ஒரு வாய் சாப்பிடுது. கடைசி அத்தியாயத்தை ரயில்ல வாசிக்கப் போறேன். தலைமன்னார்ல கப்பல் ஏறுற வரைக்கும் அதுக்குத் தெம்பு வேணும்ல."

அதை நான் போய்ச் சொன்னதும் பக்கத்து வீட்டு அக்கா புத்தகத்தையே அவளுக்குக் கொடுத்துவிட்டார். விடைபெற வந்தவளுக்கு ஒரு சேலையும் எடுத்துக் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவள் புறப்படுவதற்கு முந்தின நாள், ஸ்டேஷனுக்குக் கட்டிப் போக ஒரு தாவணி இரவல் கேட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அலுமாரியைத் திறந்தார். கதவின் உள்பக்கம் முழுக்கக் கலர் படங்கள்! தொடரின் தலைப்புப் படங்களை, பைண்டுக்குக் கொடுக்கும் முன்பே அத்தியாய எண்ணோடு வெட்டி அழகுக்கு ஒட்டியிருந்தார். ஒன்றாம் எண்ணுக்குக் கீழே இரண்டு பெண்கள் தியேட்டர் வாசலில் கச்சான் தின்கிறார்கள். கடைசி எண்ணுக்குக் கீழே, இடிந்த தியேட்டர் முன்னால் ஒருத்தி மட்டும் தனியாக நிற்கிறாள்.

"ஐயோ!" என்று கத்தியதில் அக்கா தாவணியைக் கீழே போட்டுவிட்டார்.

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. பாஸுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, எண் தெரியும். ஒவ்வொரு வாரமும் கதை பத்திரிகையின் வெவ்வேறு பக்கங்களில் வந்திருந்ததால் பக்க எண்கள் முன்னும் பின்னுமாக இருந்திருக்கின்றன. பாவம், யாரோ கலைத்துவிட்டார்கள் என்று நினைத்து, சின்ன எண்ணிலிருந்து பெரிய எண் வரைக்கும் கட்டுக்கட்டாக அடுக்கித் தைத்துவிட்டார். "பக்கம் எல்லாம் மாறி இருந்திச்சு மிஸ், நாங் சரியா வச்சேன்," என்று பெருமையாக வேறு சொன்னாராம். அக்கா அப்போது அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"அடிப் பாவிகளா, நடுவுல முற்றும்னு இருந்துச்சே, அதையுமா பாக்கல?"

"பாத்தோம்க்கா! அதுதான் கதையோட அழகுன்னு நெனச்சோம்!"

அக்கா கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பெண் திரும்பவே இல்லை. நாளைக்கு ரயிலில் அந்த அம்மா கேட்கப்போகும் கடைசி அத்தியாயம், பிரிவதற்கு முந்தின கதை. அதைத் தோழியிடம் சொல்வதா வேண்டாமா? எனக்குத் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமே இல்லை.

கண்டி ஸ்டேஷனில் மூட்டை, டிரங்குப் பெட்டி, பாய்ச்சுருள், அழுகை. தோழியின் மூத்த அக்கா கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அம்மா அவள் கையை விடவேயில்லை. என்னைக் கண்டதும் மற்றக் கையால் என் கன்னத்தைத் தொட்டார்.

"நீதான தாயி அந்தக் கதையை மொதல்ல வாசிச்சவ? கடைசியில என்னாவுதுன்னு கேட்டா இவ சொல்ல மாட்டேங்குறா. அந்தப் புள்ள திரும்பி வந்துருதா இல்லியா? அதை மட்டும் சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயோடு தோழியின் பக்கம் திரும்பினேன். அவள் என் கால்மேல் தன் செருப்பை வைத்து நசுக்கினாள்.

"சேலை எடுத்துத் தந்தப்ப உங்க அக்காவோட அலுமாரிப் படங்களை நானும் பாத்துட்டேன்," என்று என் காதுக்குள் சொன்னாள். "அம்மா கேக்குதுல்ல, சொல்லு."

"வந்துடுவா அம்மா!" என்றேன், ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கிற குரலில். "வந்து, ரெண்டு பேரும் பழைய இடத்துலயே உக்காந்து கச்சான் திங்கிறாங்க. ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கிறாங்க. ஒண்ணுமே நடக்காத மாதிரி!" விசில் ஊதியது, அவர்கள் ஏறினார்கள். நான் நிறுத்தவில்லை. ரயில் பெட்டியோடு ஓடிக்கொண்டே, கதையில் இல்லாததையும் சேர்த்துக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அம்மா ஜன்னலில் தலையை நீட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். தோழி மட்டும் என்னைப் பார்க்காமல் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.